செப்சிஸ் நோயில் வெள்ளணுக்களின் சாவும் பிழைப்பும்

செப்சிஸ் என்னும் கொடிய நிலையில் மாண்டுபோனவர்களின் உடலுக்குள்ளே எந்த அணுக்கள் செத்துக் கிடக்கின்றன என்ற கேள்வியை வைத்திய உலகம் நெடுங்காலம் முறையாகக் கேட்டுப் பார்க்கவே இல்லை. இதயம் தளர்கிறது, சிறுநீரகம் நின்றுபோகிறது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆகவே அந்தந்த அவயவத்தின் அணுக்களே பெருவாரியாக நாசமாகியிருக்க வேண்டும் என்று அனுமானித்துக்கொள்வது இயல்பாகவே இருந்தது. அந்த அனுமானத்தை 1999-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்திலுள்ள வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரிச்சர்டு ஹாட்ச்கிஸ் என்னும் வைத்தியரும் அவருடைய சகாக்களும் அசைத்துவிட்டார்கள். உயிர் பிரிந்து நேரம் கடந்துவிட்டால், எந்த அணு நோயினால் இறந்தது, எது சரீரம் கெடுவதனால் இறந்தது என்று பிரித்தறிய இயலாமற்போகும். ஆகையால் அவர்கள் செப்சிஸால் இறந்த 20 பேரின் உடல்களை மரணம் நிகழ்ந்த கையோடு பரிசோதித்து, செப்சிஸ் இல்லாமல் வேறு கடும் நோய்களுக்கு ஆளான 16 பேரிடம் கண்டவற்றோடு ஒப்பிட்டார்கள். அவர்கள் கண்டது விசித்திரமானது. செயலிழந்த பெரிய அவயவங்களில் அணுக்களின் சாவு எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. குடலின் உட்சுவரிலும், அதைவிட முக்கியமாக மண்ணீரலிலே குடியிருக்கும் நிணநீர் அணுக்களிடையேயும் அது மலிந்து காணப்பட்டது. நோயை எதிர்க்க வேண்டிய சேனையே நோயின் நடுவில் மடிந்துகொண்டிருந்தது.

இந்தக் கண்டுபிடிப்பின் கனத்தை உணர, செப்சிஸ் எத்தகையது என்பதைச் சிறிது சொல்ல வேண்டும். கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப்போய், அதனாலேயே உயிருக்கு ஆபத்து விளையும்படி அவயவங்கள் செயலிழப்பதுதான் செப்சிஸ் என்று 2016-இல் சர்வதேச வல்லுநர் குழு ஒன்று வரையறுத்தது. 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது கண்டதென்றும், 1 கோடியே 10 லட்சம் பேர் அதோடு இறந்தார்களென்றும், அதாவது உலகில் நிகழ்ந்த ஐந்து மரணங்களில் ஏறக்குறைய ஒன்று இதனோடு சம்பந்தப்பட்டதென்றும் ஒரு மதிப்பீடு கூறுகிறது. இத்தனை பெரிய வியாதிக்கு, கிருமிகளைக் கொல்லும் மருந்தும், சீழ் கட்டிய இடத்தைத் திறந்து வடிப்பதும், நரம்பு வழியாகச் செலுத்தும் திரவமும், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்தும், செயற்கைச் சுவாசமும் தவிர, நோயின் மூலத்தையே மாற்றக்கூடிய ஔஷதம் என்று உறுதியாகச் சுட்டிக்காட்ட இன்றுவரை ஒன்றும் இல்லை.

முயற்சி இல்லாமல் இல்லை. லூயிஸ் தாமஸ் என்னும் அமெரிக்க வைத்திய எழுத்தாளர் 1972-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கிருமிகளைவிட அவற்றைக் கண்டு நம் உடல் தொடுக்கும் ஆயுதங்களே நமக்கு அதிக அபாயம் விளைவிக்கின்றன என்ற கருத்தை வெகு சாதுரியமாக எடுத்துரைத்தார். கருத்து அழகானது, பாதி உண்மையும் கூட. ஆனால் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு, அழற்சியை எவ்வளவுக்கெவ்வளவு அடக்குகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு நோயாளி பிழைப்பான் என்று மருந்துக் கம்பெனிகளும் ஆராய்ச்சியாளர்களும் முடிவு கட்டியதுதான் வினையாயிற்று. டி.என்.எஃப். என்று சுருக்கமாக வழங்கும் அழற்சிப் புரதத்தை உறிஞ்சி ஒழிக்கும் ஒரு மருந்தை 141 நோயாளிகளிடம் பிரயோகித்துப் பார்த்து 1996-இல் வெளியிட்ட சோதனை, அந்த நம்பிக்கைக்கு விழுந்த பேரடி. மருந்தில்லாத பிரிவிலே 30 சதவிகிதம் பேர் இறந்தார்கள். மருந்தின் அளவு ஏற ஏற மரணமும் ஏறி, மிகுந்த அளவு பெற்றவர்களிடையே 53 சதவிகிதமாயிற்று. எதிரியென்று எண்ணி அடக்கியது, பல நோயாளிகளுக்கு உதவியாக நின்றுகொண்டிருந்தது என்பதே இதன் பொருள்.

செயின்ட் லூயிஸ் ஆராய்ச்சி இந்தத் தோல்விகளுக்கு ஒரு விளக்கம் அளித்தது. வெள்ளணுக்கள் என்று நாம் பொதுவாகச் சொல்லிவிட்டாலும், அவற்றுள் பல வகை உண்டு. செப்சிஸில் அவற்றின் கதி ஒன்றுபோல் இருப்பதில்லை. கிருமி புகுந்தவுடன் முதலில் ஓடிவந்து அதை விழுங்கும் நியூட்ரோபில் என்னும் அணு, சாதாரண காலங்களில் எலும்பு மஜ்ஜையிலிருந்து புறப்பட்டபின் மிகக் குறுகிய ஆயுளே பெற்று, தன் வேலை முடிந்ததும் ஓசையின்றித் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். செப்சிஸிலோ அது சாக மறுக்கிறது. அழற்சிப் புரதங்கள் அதன் ஆயுளை நீட்டிவிடுவதனால், ரத்தக் குழாய்களிலும் நுரையீரலிலும் அது தங்கி, தன்னிடமுள்ள அரிக்கும் நொதிகளை இடம் பொருள் பாராமல் கொட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் நிலைத்து, முன் கண்ட கிருமியை நினைவில் வைத்துப் போராடும் டி, பி என்னும் நிணநீர் அணுக்களோ அகாலத்தில் மடிகின்றன. இருக்க வேண்டியவை போய், போக வேண்டியவை இருந்துவிடும் இந்த விபரீதத்தைக் கவனியாமல், நோயெதிர்ப்பு அதிகமா குறைவா என்று ஒரே தராசில் நிறுக்க முயன்றதுதான் அக்காலத்து ஆராய்ச்சியின் அடிப்படைப் பிழை என்பது என் அபிப்பிராயம்.

நிணநீர் அணு சாகிற விதமும் விசேஷமானது. அடிபட்டு வெடித்துச் சிதறுவதன்று அது. அணுவுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்ட ஒரு கிரமப்படி, தன் நியூக்ளியஸைத் தானே துண்டாடி, சுருங்கி, சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, பக்கத்து அணுக்களுக்கு இரையாகிவிடுகிற சாவு. அப்போப்டோசிஸ் என்ற பெயரால் இதைக் கெர், வில்லி, கரி என்னும் மூவர் 1972-இல் விவரித்தார்கள். காஸ்பேஸ் என்னும் நொதிகள் ஒன்றையொன்று தூண்டி இந்தக் காரியத்தை நடத்துகின்றன, பி.சி.எல்.-2 போன்ற புரதங்கள் அதைத் தடுத்து நிற்கின்றன. பிம் போன்றவை அந்தத் தடையை உடைக்கின்றன. இவ்வாறு இறந்த அணுவை விழுங்கும் பெருவிழுங்கி அணு, ஒரு சாதாரண உணவை உட்கொண்டதுபோல் சும்மா இருந்துவிடுவதில்லை; போராட்டத்தை நிறுத்தும்படியான சமிக்ஞைகளை வெளியிடத் தொடங்குகிறது. 2003-இல் ஹாட்ச்கிஸ் குழுவினர் செய்த ஒரு பரிசோதனை இதை நன்றாக விளக்கும். அப்போப்டோசிஸ் முறையில் இறந்த மண்ணீரல் அணுக்களைச் செப்சிஸ் கண்ட சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது அவை இன்னும் அதிகமாக மாண்டன. அதே அணுக்களை வேறு விதமாக, சிதைந்து உடையும்படி கொன்று செலுத்தியபோது அதிகமாகப் பிழைத்தன. ஆகவே அணுக்கள் எத்தனை செத்தன என்பதோடு நில்லாமல், எவ்விதம் செத்தன என்பதும் நோயாளியின் கதியை நிர்ணயிக்கிறது.

இதைக் கண்டபின் இயல்பாக எழும் யோசனை, அந்தச் சாவைத் தடுத்துவிட்டால் என்ன என்பது. பெருங்குடலின் தொடக்கப் பையைக் கட்டித் துளையிட்டு, வயிற்றுக்குள் மலம் கசியும்படி செய்வதுதான் சுண்டெலிகளிடம் செப்சிஸை உண்டாக்கும் வழக்கமான முறை. பி.சி.எல்.-2 புரதத்தை அதிகமாக உற்பத்தி செய்யும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகள் இந்தச் சோதனையில் கூடுதலாகப் பிழைத்தன. காஸ்பேஸ் நொதிகளை அடக்கும் மருந்துகளும் அவ்வாறே பலன் தந்தன. பிறவியிலேயே நிணநீர் அணுக்கள் இல்லாத சுண்டெலிகளிடம் அதே மருந்து பயனற்றுப் போயிற்று என்பதனால், அது காப்பாற்றியது நிணநீர் அணுக்களைக் காத்ததன் மூலமே என்று 2000-த்தில் நிரூபணமாயிற்று. எய்ட்ஸ் நோய்க்கு வழங்கும் நெல்ஃபினவிர் என்னும் மாத்திரைக்கும் அணுச்சாவைத் தடுக்கும் குணம் உண்டென்று கண்டு, மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 2004-இல் அதனாலும் சுண்டெலிகளைப் பிழைக்க வைத்தார்கள். இவற்றைப் படிக்கும்போது, மனிதர்களுக்கான மருந்து கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டதென்று எவருக்கும் தோன்றும்.

வரவில்லை. காரணங்கள் பல. சுண்டெலி இளமையானது, வேறு நோயில்லாதது, எந்த நிமிஷத்தில் குடலில் துளையிடப்பட்டதென்று பரிசோதகருக்குத் தெரியும். மனிதனோ பெரும்பாலும் முதியவன், நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உடையவன், நோய் தொடங்கிப் பல மணி நேரம், சில சமயம் பல நாள் சென்றபின் ஆஸ்பத்திரிக்கு வருகிறவன். ஆனால் இந்த வழக்கமான சமாதானத்தைவிட ஆழமான தடை அணுவின் உள்ளேயே இருக்கிறது. பெல்ஜியத்து விஞ்ஞானிகள் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, காஸ்பேஸ் நொதிகளை முற்றிலும் தடுத்த சுண்டெலிகளுக்கு டி.என்.எஃப். செலுத்தியபோது, அவை பிழைப்பதற்குப் பதிலாக மிக வேகமாக அதிர்ச்சி நிலைக்கு உள்ளாகி மாண்டன. ஒரு மடையை அடைத்தால் நீர் வேறொரு கரையை உடைத்துக்கொண்டு போவதுபோல, அமைதியான சாவின் வழி அடைபட்ட அணு, நெக்ரோப்டோசிஸ் என்னும் வெடித்துச் சாகும் வழியில் செல்லக்கூடும். அது சுற்றிலும் அழற்சியை மூட்டிவிடும். இதற்கும் அப்பால் பைரோப்டோசிஸ் என்று மூன்றாவது வழியும் உண்டு. காஸ்டெர்மின் டி என்னும் புரதம் அணுவின் சவ்விலே துளைகளிட்டு அதை ஊதி உடைப்பது இந்த வழி. மதுப்பழக்கத்தை விடச் செய்வதற்காக நெடுநாளாக வழங்கிவரும் டைசல்ஃபிரம் என்னும் பழைய மாத்திரை இந்தத் துளைகள் உண்டாவதைத் தடுக்கிறதென்றும், கிருமி விஷம் செலுத்திய சுண்டெலிகளை அது காப்பாற்றியதென்றும் 2020-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகிறது. அக்கண்டுபிடிப்பு ரசமானதுதான், ஆனால் விஷம் செலுத்திய சுண்டெலிக்கும் நோய் கண்ட மனிதனுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடந்த மருந்துகள் வெகு சில என்பதை இந்தத் துறையின் சரித்திரம் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கிறது.

புதிய மருந்துகளைத் தேடும் இந்த ஆர்வத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவிலே தினந்தோறும் வழங்கும் பழைய மருந்துகள் வெள்ளணுக்களின் ஆயுளை என்ன செய்கின்றன என்று கேட்பார் குறைவு. ஸ்டீராய்டையே எடுத்துக்கொள்வோம். தைமஸ் சுரப்பியின் நிணநீர் அணுக்களை ஸ்டீராய்டு அப்போப்டோசிஸ் முறையில் கொல்கிறது என்று, அந்தப் பெயரைச் சூட்டிய மூவரில் ஒருவரான வில்லியே 1980-இல் காட்டினார். ரத்தப் புற்றுநோயிலே ஸ்டீராய்டு கொடுப்பதும் இந்தக் குணத்தைப் பயன்படுத்தித்தான். அதே ஸ்டீராய்டு நியூட்ரோபில் அணுக்களின் ஆயுளையோ நீட்டுகிறது. அதாவது, செப்சிஸ் செய்துகொண்டிருக்கும் விபரீதத்தை அதே திசையில் இன்னும் சிறிது தள்ளிவிடும் குணம் அதற்கு உண்டு. மறுபுறத்தில், தளர்ந்துபோன ரத்தக் குழாய்களை இறுக்கி, அதிர்ச்சி நிலையை விரைவில் நீக்குவதும் அதுவே.

இந்த இரு குணங்களுள் எது வெல்லும் என்ற கேள்விக்கு விடை காண நாற்பது ஆண்டுகளாகச் சோதனைகள் நடந்துவருகின்றன. 1987-இல் வெளியான பெருஞ்சோதனைகளில் மிக அதிக அளவு ஸ்டீராய்டு பயன் தரவில்லை; அவற்றுள் ஒன்றில், பின்னால் வந்த புதுத்தொற்றுகளால் இறந்தவர்கள் மருந்து பெற்ற பிரிவிலே அதிகமாக இருந்தார்கள். பிறகு அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். 2018-இல் ஒரே சமயத்தில் இரண்டு பெரிய சோதனைகள் வெளிவந்தன. நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனை ஏழு நாள் செலுத்திய, அட்ரீனல் என்று பெயரிட்ட சோதனையில், 3,800 பேரைச் சேர்த்தும், 90 நாளில் இறந்தவர்கள் மருந்துப் பிரிவில் 27.9 சதவிகிதம், மற்றப் பிரிவில் 28.8 சதவிகிதம், வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம். பிரான்ஸ் தேசத்தில் 1,241 பேரிடம் ஹைட்ரோகார்டிசோனோடு ஃப்ளூட்ரோகார்டிசோனையும் சேர்த்துக் கொடுத்த சோதனையிலோ மரணம் 49.1 சதவிகிதத்திலிருந்து 43 சதவிகிதமாகக் குறைந்தது. இரண்டிலும் அதிர்ச்சி நிலை விரைவில் விலகியது. ஒரே வகை மருந்து, ஒரே ஆண்டு, இருவேறு முடிவு. வைத்திய சஞ்சிகைகளில் இதைப் பற்றி நடந்த வாதப் பிரதிவாதங்களில் பெரும்பகுதி மருந்தின் அளவையும் சேர்க்கையையும் பற்றியவை. நோயாளிகளின் வெள்ளணுக்கள் எந்த ஸ்திதியில் இருந்தன என்பதல்லவா முதலில் கேட்க வேண்டியது? அதைக் கேட்டுப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் நடந்த வானிஷ் என்னும் சோதனையின் நோயாளிகளை, வெள்ளணுக்களிலே எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்பதைக் கொண்டு இரு வகையாகப் பிரித்து 2019-இல் பார்த்தபோது, நோயெதிர்ப்புச் சக்தி குன்றாமல் இருந்த வகையினரிடையே ஹைட்ரோகார்டிசோன் பெற்றவர்கள் அதிகமாக இறந்திருந்தார்கள். பின்னோக்கிச் செய்த சிறிய பரிசீலனைதான்; அறுதியான நிரூபணம் ஆகாது. ஆனாலும் சராசரிக் கணக்கிலே எத்தனை பேரின் நன்மையும் எத்தனை பேரின் தீமையும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சூன்யமாகிவிடக்கூடும் என்பதை அது புலப்படுத்துகிறது.

ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். நார்அட்ரினலின் நோயெதிர்ப்பை மந்தமாக்குகிறதென்று ஆய்வுக்கூடச் சோதனைகளும் விலங்குப் பரிசோதனைகளும் கூறுகின்றன. டோபமின், நிணநீர் அணுக்களைப் பேணும் புரோலாக்டின் என்னும் சுரப்பைக் குறைத்துவிடுகிறது. இதற்காக அவற்றை நிறுத்திவிட முடியாது, அழுத்தம் இறங்கினால் நோயாளி அந்த மணியிலேயே இறப்பான். ஆயினும் தேவைக்கு மேல் ஒரு சொட்டும் செலுத்தாதிருக்க இது ஒரு காரணம்.

சாவைத் தடுப்பதற்குப் பதிலாக, செத்தவற்றின் இடத்தை நிரப்பவும் மிஞ்சியவற்றைத் தட்டியெழுப்பவும் முயல்வது அண்மைக் காலத்துப் போக்கு. இதற்கு ஆதாரமாக நின்றது 2011-இல் ஹாட்ச்கிஸ் குழுவினரே வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சி: செப்சிஸால் இறந்த 40 பேரின் மண்ணீரல் அணுக்களைப் படுக்கையருகிலேயே எடுத்துத் தூண்டிப் பார்த்தபோது, அவை சுரந்த போர்ப் புரதங்கள் செப்சிஸ் இல்லாத மற்றவர்களின் அணுக்கள் சுரந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தன. செத்தவை போக, உயிரோடு இருந்தவையும் சோர்ந்து கிடந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல் சில நாளைத் தாண்டிய நோயாளி, இரண்டாம் வாரத்திலே, ஆரோக்கியமானவனை ஒன்றும் செய்யமாட்டாத பூஞ்சைக்கும் உடலில் உறங்கிக் கிடந்த வைரஸுக்கும் இரையாவது இதனால்தான்.

நிணநீர் அணுக்களைப் பெருக்கி அவற்றின் உள்ளே பி.சி.எல்.-2-ஐ உயர்த்தும் இண்டர்லூகின்-7 என்னும் புரதம் இவ்வகையில் முன்னணியில் நிற்பது. பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் 27 நோயாளிகளிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனையில், ரத்தத்தில் நிணநீர் அணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 900-க்கு மேற்படாதவர்களை மாத்திரமே சேர்த்தார்கள். மருந்து பெற்றவர்களிடம் அந்த எண்ணிக்கை மூன்று நான்கு மடங்கு உயர்ந்து, மருந்தை நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் நிலைத்தது. உயிர் பிழைப்பதை அளக்க 27 பேர் போதாது. தசையில் போட்ட அந்த ஊசியை நரம்பு வழியாகச் செலுத்திப் பார்த்த அடுத்த சோதனையோ, சிலருக்குக் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் கண்டதனால் இடையில் நிறுத்தப்பட்டது. டி அணுக்களை அடக்கி வைக்கும் பி.டி.-1 என்னும் பூட்டைத் திறக்கும் புற்றுநோய் மருந்தான நிவோலுமாப் 31 பேரிடம் பரிசோதிக்கப்பட்டது. அஞ்சிய அழற்சிப் புயல் எழவில்லை என்பதற்கு மேல் அதிலிருந்து சொல்ல ஒன்றுமில்லை. ஜெர்மனியில் 2009-இல் 38 பேரிடம் நடந்த சோதனை சிறியதாயினும் எனக்கு மிகவும் பிடித்தது. மோனோசைட் என்னும் ஒற்றையணுக்களின் மேற்பரப்பிலுள்ள எச்.எல்.ஏ.-டி.ஆர். என்னும் புரதத்தை முதலில் அளந்து, அது இரண்டு நாள் தொடர்ந்து குறைந்திருந்தவர்களுக்கு மட்டும் ஜி.எம்.-சி.எஸ்.எஃப். என்னும் ஊக்கி கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களிடம் அந்த அளவு மீண்டும் உயர்ந்தது. அளந்த பிறகு கொடுப்பது என்ற இந்த எளிய ஒழுங்கு, இதற்கு முன் வந்த பெருஞ்சோதனைகளில் அரிதாகவே காணக்கிடைத்தது.

அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குத் தைமோசின் ஆல்ஃபா-1 உதாரணம். நிணநீர் அணுக்களுக்கு வலுவூட்டும் மருந்தென்று சீனாவில் வழங்கும் இதை, அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் 1,106 செப்சிஸ் நோயாளிகளிடம் பிரயோகித்துப் பார்த்த முடிவு 2025-இல் வெளிவந்தது. 28 நாளில் மருந்துப் பிரிவில் 23.4 சதவிகிதமும் மற்றப் பிரிவில் 24.1 சதவிகிதமும் இறந்தார்கள், ஏறக்குறைய சமம். அணுக்கள் குறைந்தவனும் குறையாதவனும் ஒரே வரிசையில் நின்று ஒரே ஊசியைப் பெற்றுக்கொண்ட சோதனை அது. மருந்து உதவாது என்று அதிலிருந்து முடிவு செய்வது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு அது உதவும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதும்.

நோயெதிர்ப்பு அணுக்களின் ஸ்திதியை அறிய மரபணு இயக்கத்தை அளக்கும் விலையுயர்ந்த கருவிகள் வரட்டும், நல்லதுதான். ஆனால் டி.சி. என்று நம் ஊர் ஆய்வுக்கூடங்களிலும் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் ரத்தச் சீட்டிலேயே, நிணநீர் அணுக்களின் விகிதம் அச்சாகி வருகிறது. மொத்த வெள்ளணு எண்ணிக்கையோடு அதைப் பெருக்கினால் அவை எத்தனை என்பது தெரிந்துவிடும். செப்சிஸ் கண்டு நான்காம் நாளிலும் அந்த எண் ஏறாமல் தாழ்ந்தே கிடந்தால் மரண அபாயம் அதிகம் என்று செயின்ட் லூயிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் காட்டியும், வைத்தியர்களின் பார்வை அந்தச் சீட்டில் மொத்த எண்ணிக்கை உயர்ந்திருக்கிறதா என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியைத் தினமும் குறித்து வைத்து, அது தாழ்ந்தவர்களைத் தனியே பிரித்து, ஸ்டீராய்டையும் இண்டர்லூகின்-7-ஐயும் அவர்களிடம் வேறு வேறாகச் சோதிப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. நோயாளிகளை இவ்வாறு பிரிக்காமல் ஆயிரக்கணக்கில் சேர்த்து இன்னொரு மருந்தைப் பரிசோதிக்க முன்வருகிறவர்களுக்குப் பொதுப் பணம் கொடுக்கக் கூடாது.